எத்தாளையிலிருந்து ஒன்றரை நோன்புத் தூரம்

லண்டன் எவ்வளவு தூரம் என்று எத்தாளையில் என்னிடம் கேட்காத ஆள் ஒருவர்தான்: எங்கள் பள்ளிவாசல் மௌலவி. எல்லாம் தெரிந்தவர் என்பதால் அவர் எதையும் கேட்பதில்லை. மற்ற எல்லோரும் கேட்டார்கள். மீன்காரர் தராசைப் பிடித்தபடி கேட்டார். மிளகாய்த் தோட்டத்துத் தண்ணீர் மோட்டரைத் திருத்த வந்தவர், மோட்டரை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். பதினொரு மணித்தியாலப் பறப்பு. நேர வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம்." சொல்லிவிட்டுச் சின்ன இடைவெளி விடுவேன், அவர்கள் வியப்பதற்கு வசதியாக. மாம்புரியில் ஒரு பாடசாலையில் நான் புவியியல் படிப்பிக்கிறேன். வாப்பா பக்கம், உம்மா பக்கம் இரண்டிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. கேட்கும்வரை காத்திருப்பேன். கேட்காவிட்டால் சொல்லிவிடுவேன்.

பயணம் சாச்சிக்காக. சாச்சி என் உம்மாவின் தங்கை. அவருடைய மகள் பர்ஹானா கல்யாணம் முடித்து லண்டனில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது இப்போது மாதம் நிறைந்து நிற்கிறது. ஒப்பரேசனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சாச்சி பக்கத்தில் நிற்க வேண்டும். சாச்சிக்கோ தமிழும், சிலாபத்துச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குச் சிங்களமும்தான் வரும். நோன்புக்காலம் என்பதால் எங்கள் பாடசாலைக்கு விடுமுறை. "டீச்சர் கூடப் போகட்டும்" என்று குடும்பம் தீர்ப்பளித்தது.

சாச்சி ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். பர்ஹானாவின் பிள்ளை உயிரோடு கைக்கு வர வேண்டும். அதற்காக இந்த மாதத்து நோன்பு ஒன்றுகூடத் தவறாமல் பிடிப்பேன் என்று. பெண்களுக்கு அது எல்லா வயதிலும் வாய்ப்பதில்லை. இந்த இரண்டு வருடமாகத்தான் சாச்சிக்கு முழு மாதமும் வாய்க்கிறது. எங்கள் பயணம் வந்து விழுந்தது பதினேழாம் நோன்பில்.

வாப்பா மௌலவியிடம் விளக்கம் கேட்டு வந்தார். பயணம் போகிறவர்களுக்குச் சலுகை உண்டு. நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம். ஆனால் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்னால் ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். எல்லைக்குள் இருக்கும்போது பாங்கு சொல்லிவிட்டால் அன்றைய நோன்பைப் பிடித்தே ஆக வேண்டும்.

"எனக்கு ஒரு சலுகையும் வேணாம்" என்றார் சாச்சி.

எனக்கு வேண்டியிருந்தது. விமானத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளில் சாப்பாடு தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் பயணம். பெட்டிகளைத் திறக்காமல் திரும்பி அனுப்ப நான் தயாராக இல்லை. ஆகவே வாடகை வானை விடிய நாலேகாலுக்கு வரச் சொன்னோம்.

வான் சரியாக வந்தது. ஊரும் வந்தது. நோன்பு பிடிக்கச் சஹர் சாப்பிட எழும்பியவர்கள் கையைத் துடைத்தபடி வழியனுப்ப வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு றஹீமா மாமி பிடித்துக்கொண்டார். "அப்ப அங்க இப்ப என்ன நேரம் புள்ள?"

"நேற்று இரவு பத்தே முக்கால் மாமி."

"நேத்தா? நேத்துக்கா போறீங்க? அது எப்பிடி?"

இந்தக் கேள்வியை விட்டுவிட்டு எந்தப் புவியியல் ஆசிரியையும் வான் ஏற மாட்டாள். முற்றத்தில் கிடந்த தேங்காயை எடுத்தேன். அதுதான் பூமி. வாப்பாவின் போன் வெளிச்சம் சூரியன். தேங்காயில் எத்தாளையை நகத்தால் கீறிக் காட்டினேன், லண்டனைக் கீறினேன், மெல்லச் சுழற்றினேன். பதினைந்து பேர் வாய் பிளந்து நின்றார்கள். என் பத்தாம் வகுப்பு ஒருநாளும் இப்படிக் கவனித்ததில்லை. சந்தேகம் கேட்டவர்களுக்காக இரண்டாம் தடவையும் சுழற்றினேன்.

ஊர் எல்லைப் பெயர்ப்பலகைக்கு நூறு மீற்றர் இருக்கும்போது பாங்கு கேட்டது.

 முன் கதிரையிலிருந்து வாப்பா திரும்பிப் பார்த்தார். "டீச்சர், தேங்காய் நல்லாச் சுத்திச்சா?"

அப்படித்தான் நானும் நோன்பாளியானேன்.

பாலாவிச் சந்தி தாண்டியதும் சாச்சி கேட்டார். "மகள், பிளேனுக்குள்ள பாங்கு கேக்காதே. நோன்பு தொறக்கிற நேரம் எப்பிடித் தெரியும்?"

"அதுக்குத்தானே நான் வாறன்" என்றேன்.

கைப்பையிலிருந்து அப்பியாசக் கொப்பியை எடுத்தேன். எங்களூரில் சூரியன் மறைவது ஆறு இருபது. லண்டனில் மறையும்போது எங்கள் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் பறந்துகொண்டிருப்போம். ஆகவே நேரமும் நடுவில்: ஒன்பது மணி. எவ்வளவு அழகான கணக்கு! தாளைக் கிழித்துச் சிவப்புப் பேனையால் எழுதினேன்: ‘நோன்பு திறக்கும் நேரம், இலங்கை நேரப்படி இரவு 9.00.’ கீழே கையெழுத்து வைத்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில், பழக்கதோசத்தில், பட்டத்தையும் போட்டேன்.

சாச்சி தாளை இரண்டு கையாலும் வாங்கி, நாலாக மடித்து, பாஸ்போட்டுக்குள் வைத்தார். எனக்கு விருது கிடைத்த மாதிரி இருந்தது.

விமான நிலையத்தில் சாச்சியின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஐந்து பொலித்தீன் பைகளைத் தாண்டியும் கருவாடு தன் இருப்பை அறிவித்துக்கொண்டிருந்தது. சீருடைக்காரர் சிங்களத்தில், "அம்மா, இது எந்த ஊர்க் கருவாடு?" என்று கேட்டார். "கற்பிட்டிப் பக்கம்" என்றார் சாச்சி. "அப்படியென்றால் லண்டன்காரர்களுக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று பெருமூச்சு விட்டு மூடினார். நான் இங்கிலீஷில் விளக்கம் சொல்ல ஆயத்தமாகி நின்றது வீணாய்ப் போனது.

பகல் ஒரு மணிக்கு விமானம் எழும்பியது. இடப்பக்க யன்னலோரம் சாச்சி, நடுவில் நான், நடைபாதை ஓரத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. லண்டனில் ஹரோ பக்கம் முப்பது வருடமாக இருக்கிறாராம். சீற் பெல்ட் மாட்டும் முன்பே தொடங்கிவிட்டார்.

"நான் இந்த வழியால இருவத்தேழு தரம் போய் வந்திட்டன் பிள்ளை. இது இருவத்தெட்டு. எந்தச் சீற்றில காத்து வரும், எந்த ரொய்லெற்றில பூட்டு இறுகும், எல்லாம் எனக்குத் தெரியும். பதினொரு மணித்தியாலம் எண்டு சொல்லுவினம். அதை நம்பக் கூடாது."

"தூரம் எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர்" என்றேன்.

"அது காகம் பறக்கிற தூரம். இவன் சுத்திப் போவான்."

தன்னைப் போலவே இன்னொரு ஆளைச் சந்திப்பது எவ்வளவு அலுப்பான காரியம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சாப்பாட்டு வண்டி வந்தது. பணிப்பெண் எங்கள் நோன்பைக் கேட்டறிந்து, "பிறகு சூடாக்கித் தருகிறேன்" என்று இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். ஐயா தன் கோழியைத் திறந்தார். கறியை மோந்து, "உப்பில்லை" என்றார். புத்தளத்து உப்பு வயல்களைத் தாண்டி வந்த எங்களுக்கு முன்னால் இப்படி ஒரு குறையைச் சொல்லியபடியே முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். நான் முன்னாலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சின்ன விமானம் கடலின் மேல் அசையாமல் நின்றது. புத்தளம் பஸ் கொண்டக்டர்கள்கூட "இந்தா எடுக்கிறம், இந்தா எடுக்கிறம்" என்று சொல்லிவிட்டு இதைவிட வேகமாக எடுப்பார்கள்.

ஐயா சாச்சியிடம் திரும்பினார். "நீங்கள் கற்பிட்டிப் பக்கமோ அம்மா? பூர்வீகமும் அங்கதானோ?"

"இல்ல. மன்னார். தொண்ணூறுல வந்த."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "எதில வந்தனீங்கள்?" என்றார்.

"வள்ளத்தில. எனக்குப் பதிமூணு வயசு. ஒரு ராவும் ஒரு பகலும். அதோட ஸ்கூலும் முடிஞ்ச."

அந்தத் தூரமும் எனக்குத் தெரியும். வரைபடத்தில் அளந்திருக்கிறேன், விரல் அகலம்தான் வரும். சொல்லவில்லை. தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்களான எங்கள் ஆட்களை இரண்டு நாளில் வெளியேறச் சொன்ன இயக்கத்துக்காரர்களும் தமிழ்தான் பேசினார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். 

பிறகு யன்னல் மூடிகளை இறக்கச் சொன்னார்கள். உள்ளே இருட்டு. எல்லோரும் தூங்கினார்கள். நான் என் கையில் இலங்கை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். ஆறு இருபதுக்கு எத்தாளையில் நோன்புக் கஞ்சி ஊற்றியிருப்பார்கள். ஏழரைக்கு என் வயிறு தனியாக ஒரு மொழியில் கதைத்தது. எட்டரைக்குச் சாச்சியின் உதடு காய்ந்து வெடித்திருப்பதைக் கண்டேன்.

"இன்னும் அரை மணித்தியாலம்தான் சாச்சி."

"நீ சொன்னாச் சரி மகள்."

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பணிப்பெண் சூடான தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். சாச்சி கைக்குட்டையை அவிழ்த்தார். மூன்று ஈத்தம்பழம். ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, துஆ ஓதினார். வாயசைவில் பர்ஹானாவின் பெயர் வந்தது. பழம் உதட்டுக்குப் போனது.

"பிள்ளை," ஐயா மெல்லச் சொன்னார், "உந்த யன்னல் மூடியை ஒருக்கால் தூக்கிப் பாருமன்."

"தேவையில்ல ஐயா. கணக்குப் பாத்துத்தான் எழுதினது."

"கணக்குப் பிழையெண்டு நான் சொல்லேல்லை. சும்மா தூக்கிப் பாரும்."

நான் அசையவில்லை. சாச்சிதான் மற்றக் கையால் மூடியைத் தூக்கினார்.

வெயில் உள்ளே விழுந்தது. பின்னேரத்து அசர் தொழுகை நேர வெயில், மஞ்சளாக, கொழுத்து, எங்கள் மூவரின் மடியிலும், கோழிக்கறியிலும், ஈத்தம்பழத்திலும். முன் கதிரைக்காரர் முனகிக்கொண்டு கண்ணைப் பொத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூரியன் முழுசாக, வட்டமாக, எந்த அவசரமும் இல்லாமல் நின்றது.

சாச்சி பழத்தை உதட்டிலிருந்து எடுத்தார். கைக்குட்டைக்குள் திரும்ப வைத்து முடிச்சுப் போட்டார். என்னைப் பார்த்தார்.

"இது எந்த ஒம்பது மணிடி? ஸ்கூல் தொடங்குற ஒம்பது மணியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேங்காயைச் சுழற்றினேன், போனைப் பிடித்தேன், ஆனால் விமானத்தை வைக்க மறந்துவிட்டேன். நாங்கள் நடுவில் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை. சூரியன் போகும் பக்கமே நாங்களும் போய்க்கொண்டிருக்கிறோம், கிட்டத்தட்ட அதே வேகத்தில், துரத்திக்கொண்டு. பத்தாம் வகுப்புக்கு நேர வலயம் பற்றி நாலு வருடம் படிப்பித்தவளுக்கு இதை ஒரு யன்னல் மூடி சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வாய் அசைந்திருந்தால் சாச்சியின் நேர்ச்சை என் கையெழுத்தோடு முறிந்திருக்கும்.

"சாச்சி, பயணம்தானே. ஏலாட்டி தொறக்கலாம். பிறகு பிடிச்சா..."

"நீ வாயப் பொத்து."

அடுத்த இரண்டரை மணித்தியாலம் சூரியன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நான் என் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு நேரம் வெறுத்ததில்லை. சாச்சியின் கை சில்லிட்டிருந்தது. தலையைக் கதிரையில் சாய்த்து, கண்ணை மூடி, உதட்டால் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். கோழிக்கறி ஆறிப்போனது. பணிப்பெண் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

லண்டனை நெருங்கியதும் கப்டன் அறிவித்தார். இறங்க இடமில்லை, வரிசையில் நிற்கிறோம், கொஞ்ச நேரம் சுற்றுவோம். சாப்பாட்டு மேசைகளை மடியுங்கள், யன்னல் மூடிகளைத் திறவுங்கள், பெல்ட்டை மாட்டுங்கள்.

விமானம் வட்டமடிக்கத் தொடங்கியது. எங்கள் யன்னலிலிருந்து சூரியன் நழுவியது.

"போயிட்டா?" சாச்சி கண்ணைத் திறந்தார்.

"போயிட்டு சாச்சி!"

விமானம் திரும்பியது. சூரியன் திரும்ப வந்து யன்னலில் நின்றது, எதையோ மறந்துவிட்டுப் போனது போல.

"வந்திட்டு சாச்சி."

இரண்டாம் வட்டத்திலும் இதுதான் நடந்தது. மூன்றாம் வட்டத்தில் அது வலப்பக்கம் போனது. கீழே ஊர் கறுத்து, தெருவிளக்குகள் கோடு கோடாக எரிந்தன. கீழே இருப்பவர்கள் நோன்பு திறந்துவிட்டார்கள், மேலே எங்களுக்கு மட்டும் பகல் மிச்சம் இருக்கிறதா, இல்லையா என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் வானம் நீலமாக மங்கிக் கிடந்தது.

"இப்ப?" என்றார் சாச்சி. கைக்குட்டை முடிச்சு விரலுக்கு மசியவில்லை. "கீழ வெளக்கு எரியுதே. இப்பத் தொறக்கலாமா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். சாச்சி அதை வைத்துப் பழத்தைக் கடித்திருப்பார், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. வாய்வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியா சாச்சி" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் எந்த வகுப்பிலும், எந்த வீட்டிலும் சொன்ன ஞாபகமில்லை.

பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஐயா பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழும்பி நின்றார். நடைபாதையைத் தாண்டிச் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் மடிக்கு மேலால் கழுத்தை நீட்டி வலப்பக்க யன்னலைப் பார்த்தார். பணிப்பெண் தன் கதிரையில் இருந்தபடியே சத்தம் போட்டாள். "ஐயா, இருங்கள்! உடனே இருங்கள்!" இருபத்தெட்டுத் தரம் பயணம் செய்தவருக்கு முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஏச்சு கிடைத்தது. அவர் அசையவில்லை. விமானம் இன்னொரு முறை திரும்பி முடிக்கும்வரை நின்று இந்தப் பக்கமும் பார்த்தார், அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"அம்மா," என்றார், மூச்சு வாங்க. "ரெண்டு பக்கமும் பார்த்திட்டன். முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை. பொழுது பட்டிட்டுது. நான் பொய் சொல்லேல்லை."

எங்கள் ஊரில் பிறை கண்டேன் என்று ஒருவர் வந்தால் பள்ளிவாசலில் இருத்தி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். எங்கே நின்றாய், யார் கூட இருந்தது, முகில் இருந்ததா. சாச்சி ஒன்றுமே கேட்கவில்லை. ஐயாவின் முகத்தை மட்டும் பார்த்தார்.

"பிஸ்மில்லாஹ்" என்று பழத்தைக் கடித்தார்.

பாதிப் பழம் இறங்கியதும் இரண்டாவதை எடுத்து, என் மூக்குக்குக் குறுக்காக நீட்டி ஐயாவிடம் கொடுத்தார். "எடுங்க. கண்ட ஆளுக்குத்தான் முதல்." அவர் அதை உள்ளங்கையில் வைத்தபடி இருந்தார். உடனே சாப்பிடவில்லை. மூன்றாவது எனக்கு வந்தது. அதுவும் கேட்ட பிறகுதான்.

வெளியே பர்ஹானா வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். "பயணம் எப்பிடி உம்மா? நல்ல தூரமா?"

நான் வாயைத் திறந்தேன். சாச்சி முந்திக்கொண்டார். "ஒண்டரை நோன்புத் தூரம்."

மறுநாளும் அதற்கடுத்த நாளும் சாச்சி யன்னலோரம் கதிரை போட்டு உட்கார்ந்து சூரியனை நேரில் பார்த்தே நோன்பு திறந்தார். அங்கே ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல்கள். இரண்டும் இரண்டு நேர அட்டவணை அச்சடித்திருந்தன, நாலு நிமிட வித்தியாசத்தில். பர்ஹானாவின் மாப்பிள்ளை இரண்டையும் என்னிடம் நீட்டி, "நீங்க டீச்சர்தானே, எது சரி?" என்றார். எனக்குத் தேநீர் ஊற்ற வேண்டிய வேலை வந்துவிட்டது.

இருபத்துநாலாம் நோன்பன்று பிள்ளை பிறந்தது. பெண். மூன்று கிலோவுக்கு மேல், தொண்டை நல்ல திறம். சாச்சி பிள்ளையைக் கையில் வாங்கும்போதும் நோன்பாளிதான். மிச்ச நோன்பும் ஒன்றும் தவறவில்லை. பெருநாள் காலையில் வட்டிலப்பத்தைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனவர், கரண்டியும் கையுமாகக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முழுவதையும் சாப்பிட்டார்.

பிள்ளை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். புத்தளத்தார், மன்னாரார், ஒரு நாள் ஹரோவிலிருந்து அந்த ஐயாவும், மனைவியும், ஒரு பெரிய கேக்கும். வருகிற எல்லோரையும் சாச்சி முதலில் குசினிக்குத்தான் கூட்டிப்போகிறார். பிரிட்ஜ் கதவில், காந்தத்தில் ஒட்டி, என் தாள் தொங்குகிறது. ‘நோன்பு திறக்கும் நேரம், இலங்கை நேரப்படி இரவு 9.00.’

"என்ட ராத்தாட மகள் எழுதின" என்கிறார். "இதப் பாத்து மட்டும் யாரும் நோன்பு தொறந்துடாதீங்க."

குனிந்து வாசிக்கிறார்கள். சிரிக்கிறார்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்கள். கீழே ஓரத்தையாவது கத்தரித்துவிடுங்கள் சாச்சி, பட்டம் இருக்கிற ஓரத்தை மட்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அதுதான்டி முக்கியம்" என்றார்.